ஆபத்துக்குப் பாவமில்லையா?

முன்னுரை

"ஆபத்துக்குப் பாவமில்லை" என்பது நம் நாட்டுப்புறத்தில் அன்றாடம் வழங்கும் பழமொழி. இதனை நான் பொருளுணர்ந்து கேட்டது என் தாயாரின் வாயிலிருந்துதான். சென்ற ஆண்டு பருவத் தேர்வுக் கட்டணம் 640 ரூபாய் செலுத்த மறுநாள் கடைசி நாள். வீட்டில் பணம் இல்லை. கேட்கக்கூடிய இடங்களிலெல்லாம் கேட்டாயிற்று. இரவு அம்மா சாமி படத்தின் பின்னால் இருந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். திரௌபதியம்மன் தீமிதித் திருவிழாவுக்கென்று நடவுக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த காணிக்கை அது. விளக்கை ஏற்றி வைத்து, "ஆபத்துக்குப் பாவமில்லை ராசா" என்று சொல்லி, 640 ரூபாயை எண்ணி எடுத்தார். மீதியை மறுபடியும் முடிந்து அதே இடத்தில் வைத்தார். பொழுது விடிந்ததும் அப்பாவிடமும் பாட்டியிடமும் தாமே சொல்லிவிட்டார். அறுவடைக் கூலி வந்தவுடன் 640 ரூபாயையும், அதன்மேல் ஒரு ரூபாயையும் முடிச்சில் சேர்த்தார்.

"பாவமில்லை என்றால் அந்த ஒரு ரூபாய் எதற்கு அம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்தது எடுத்ததுதானே" என்றார்.

அந்த விடை என் மனத்தில் தங்கிவிட்டது. நான் இயற்பியல் மாணவன். அரசியலோ தத்துவமோ எனக்குப் பாடம் அல்ல. ஆயினும் நெருக்கடி வரும்போது தனி மனிதர் மட்டுமன்றி அரசுகளும் இதே பழமொழியைத் தம் மொழியில் சொல்கின்றன. "நாட்டுக்கு ஆபத்து, ஆகவே சட்டத்தைச் சற்று ஒதுக்கி வைக்கிறோம்" என்கின்றன. அப்படிச் சொல்லும்போது அதனை எவ்வாறு ஆராய்வது? நம் பழைய அறநூல்கள் இதற்கு ஏதேனும் அளவுகோல் தருகின்றனவா? இவ்வினாக்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியவரை விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆபத்தருமம் என்பது யாது?

எங்கள் ஊரில் திரௌபதியம்மன் திருவிழாவின்போது பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து நடக்கும். துரியோதனன் படுகளத்தோடு கதை முடிந்துவிடும். பாஞ்சாலி கூந்தலை முடித்துவிட்டால் ஊருக்கு நிறைவு. வில்லிபுத்தூரார் பாடிய பாரதமும் பத்துப் பருவங்களோடு நின்றுவிடுகிறது. ஆகவே, போர் முடிந்தபின் தருமர் எப்படி அரசாண்டார் என்பதை நான் அறிந்ததே இல்லை. கல்லூரிக்கு வந்து, நூலகத்தில் வியாச பாரதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைப் புரட்டியபோதுதான், பதினெட்டுப் பருவங்களில் பன்னிரண்டாவதாகிய சாந்தி பருவம் கண்ணில் பட்டது.

அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் தருமருக்கு உபதேசிக்கும் பகுதி அது. முதலில் இராசதருமம், அதாவது அரசன் அமைதிக் காலத்தில் நடக்க வேண்டிய முறை. அடுத்து ஆபத்தருமம், அதாவது இடுக்கண் வந்த காலத்து முறை. அதன்பின் மோட்ச தருமம். இந்த வரிசையே ஒரு கருத்தைச் சொல்கிறது என்று எண்ணுகிறேன். பொது விதி முதலில் வருகிறது. விலக்கு பின்னால் வருகிறது. பொது விதியை அறியாதவன் விலக்கைக் கையாளத் தகுதியற்றவன்.

ஆபத்தருமப் பகுதியில் விசுவாமித்திரர் கதை ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் மழையில்லை. பஞ்சம் தலைவிரித்தாடுகிறது. பசியால் வாடிய முனிவர் சண்டாளர் சேரி ஒன்றை அடைகிறார். ஒரு குடிசையில் நாயிறைச்சி இருக்கிறது. ஊர் உறங்கிய பின் அதைத் திருட நுழைகிறார். குடிசைக்காரன் விழித்துக்கொள்கிறான். வந்தவர் யார் என்று தெரிந்ததும் மரியாதையோடு எழுந்து நிற்கிறான். அவன் தடுப்பது தன் பொருள் போகிறதே என்பதற்காக அன்று. "நீங்கள் இதைச் செய்யலாமா?" என்று தருமத்தை எடுத்துக்காட்டித் தடுக்கிறான். இருவருக்கும் நீண்ட வாதம் நடக்கிறது. உயிரோடிருந்தால்தான் அறம் செய்ய முடியும் என்பது முனிவர் கட்சி. முடிவில் அவர் இறைச்சியை எடுத்துச் சென்று, சமைத்து, முதலில் தேவர்களுக்கு அளிக்கிறார். அப்போது மழை பொழிகிறது. பின்னர் அவர் தம் பாவத்தைத் தவத்தால் எரித்தார் என்று கதை முடிகிறது.

இங்கு இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பாவம் எரிக்கப்பட்டது என்றால் பாவம் இருந்தது என்றுதானே பொருள்? ஆபத்து வந்ததால் தவறு தவறல்லாமல் போய்விடவில்லை. செய்தவர் அதைச் சுமந்து தீர்த்தார். இரண்டு, இக்கதையைக் கேட்ட தருமர் மகிழவில்லை, கலங்கிப் போகிறார். இதுவும் தருமம் என்றால் நான் விலக்க வேண்டியது எதுதான், கள்வருக்கும் எனக்கும் என்ன எல்லை என்ற கருத்தில் பீஷ்மரைக் கேட்கிறார். பழைய நூலே தன் விலக்கைக் கண்டு அஞ்சுகிறது. இந்த அச்சம் நமக்கும் வேண்டும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் உஷஸ்தி என்பவரின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. குரு நாட்டில் விளைச்சல் அழிந்து பஞ்சம் வந்தபோது, யானைப்பாகன் ஒருவன் உண்டுகொண்டிருந்த பயற்றை அவர் கேட்டு வாங்கி உண்கிறார். எச்சில் உணவு கூடாது என்ற விதியை அப்போது அவர் கடக்கிறார். பாகன் தண்ணீரும் கொடுக்கிறான். அது எச்சில் நீர் என்று மறுத்துவிடுகிறார். பயறு மட்டும் எச்சில் இல்லையா என்று பாகன் கேட்க, அதை உண்ணாவிட்டால் உயிர் நில்லாது, தண்ணீரோ வேறிடத்தில் கிடைக்கும் என்று விடை சொல்கிறார். உயிர் காக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கே விலக்கு. அதற்குமேல் ஒரு மிடறு தண்ணீருக்கும் விலக்கு இல்லை.

நான்கு உரைகற்கள்

இக்கதைகளிலிருந்து நான்கு உரைகற்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஆபத்து உண்மையானதா? அது யாருக்கு வந்த ஆபத்து?

இரண்டாவது, எடுத்துக்கொண்ட விலக்கு ஆபத்தின் அளவுக்குள் நின்றதா?

மூன்றாவது, ஆபத்து நீங்கியதும் பழைய விதிக்குத் திரும்பினார்களா? மீறியதற்குக் கணக்குக் கொடுத்தார்களா?

நான்காவது, "நீங்கள் இதைச் செய்யலாமா?" என்று எதிர்நின்று கேட்க ஓர் ஆள் இருந்தானா?

மூன்றாவது உரைகல்லை எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் காணலாம். கம்பியின் யங் குணகம் காணும் சோதனையில் எடையை ஏற்றும்போது ஓர் அளவு எடுப்போம், இறக்கும்போதும் எடுப்போம். எடையை இறக்கியதும் கம்பி பழைய நீளத்துக்கு வந்துவிட்டால் அது மீட்சி எல்லைக்குள் இருந்தது என்று பொருள். வராவிட்டால் கம்பி நிலையாக நீண்டுவிட்டது. எடை இருக்கும்போது பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எடையை எடுத்த பின்புதான் வேறுபாடு தெரியும்.

1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலை

இனி இந்த உரைகற்களில் நம் நாட்டு வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியை உரைத்துப் பார்ப்போம். 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு, அரசியலமைப்பின் 352ஆம் உறுப்பின்கீழ், "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணத்தால் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையொப்பமிட்டார். பிரதமர் இந்திரா காந்தி. 1977 மார்ச் 21 வரை, ஏறத்தாழ 21 மாதங்கள் அது நீடித்தது.

முதல் உரைகல்: ஆபத்து யாருக்கு? அரசின் பக்கத்தையும் கேட்பதே முறை. 1974 மே மாதத்தில் மாபெரும் இரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. குஜராத்திலும் பீகாரிலும் கிளர்ச்சிகள் எழுந்தன. 1975 ஜூன் 25 மாலை தில்லி இராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணன், முறையற்ற ஆணைகளுக்குக் காவல்துறையும் இராணுவமும் பணிய வேண்டாம் என்று பேசினார். இவற்றையெல்லாம் ஆபத்து என்றது அரசு.

ஆனால் நாள்களின் வரிசையையும் பார்க்க வேண்டும். ஜூன் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜூன் 24இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனையோடு கூடிய தடையாணையே வழங்கியது: அவர் பதவியில் தொடரலாம், மக்களவையில் வாக்களிக்க இயலாது. அதற்கு அடுத்த நாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போரின்போது அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையே அப்போதும் விலக்கப்படாமல் இருந்தது. போதாதென்று இன்னொன்று எதற்கு? அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான், கையொப்பமான பின்பு, செய்தி சொல்லப்பட்டது. ஆபத்து நாட்டுக்கா, நாற்காலிக்கா என்ற ஐயம் இங்கு எழாமல் போகாது.

இரண்டாவது உரைகல்: அளவு. மிசா முதலிய சட்டங்களின்கீழ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காவலில் வைக்கப்பட்டனர். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தனர். செய்தித்தாள்களுக்குத் தணிக்கை வந்தது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைகள் செய்யப்பட்டன. பல மாநிலங்களில், குறிப்பாக வடநாட்டில், வற்புறுத்தல் பெருமளவில் நடந்தது. நம் தமிழ்நாட்டில் மு. கருணாநிதி தலைமையிலான அமைச்சரவை 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டது.

என் தாத்தா அக்காலத்தில் இளைஞர். "எமர்ஜென்சியிலே இரயிலெல்லாம் நேரத்துக்கு வந்ததுடா" என்று இன்றும் சொல்வார். அவர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. ஒழுங்கை விரும்புவது ஏழைக்கும் இயல்பு. ஏழைக்கே அது மிகவும் தேவை. ஆனால் உஷஸ்தியின் விடையை இங்கு பொருத்திப் பார்க்க வேண்டும். இரயில் நேரத்துக்கு ஓடுவதற்குப் பத்திரிகையின் வாயைக் கட்ட வேண்டுமா? அலுவலர் நேரத்துக்கு வருவதற்கு ஒருவரை விசாரணையின்றிச் சிறையில் வைக்க வேண்டுமா? சட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் தண்ணீரைச் சட்டத்தை மீறி வாங்கிக் குடிப்பதுபோல் அல்லவா இது?

மூன்றாவது உரைகல்: மீட்சி. 1975 ஆகஸ்டில் வந்த 39ஆம் திருத்தம் பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்தின் விசாரணைக்கு அப்பால் வைக்க முயன்றது. 1976 மார்ச்சில் முடிய வேண்டிய மக்களவையின் காலம் நீட்டிக்கப்பட்டது. அவ்வாண்டே வந்த 42ஆம் திருத்தம் மக்களவையின் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக்கியது. இவை ஆபத்துக்காக எடுத்த விலக்குகள் அல்ல. விலக்கையே விதியாக்கும் முயற்சிகள். கம்பி நிலையாக நீளத் தொடங்கிவிட்டது என்பதற்கு இவையே அடையாளம். எனினும் நடுநிலையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1977 ஜனவரியில் தேர்தல் அறிவிக்கப்பட்டு, மார்ச்சில் நடந்தது. ஆண்ட கட்சி தோற்றது. தோல்வியை ஏற்றுப் பதவியை விட்டு இறங்கியது. அதிகார மீறல்களை விசாரிக்க அவ்வாண்டே ஷா ஆணையம் அமைக்கப்பட்டது. கம்பி அறுந்துவிடவில்லை என்பது நம் நற்பேறு.

நான்காவது உரைகல்: கேட்பவர். காவலில் வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுக்களோடு நீதிமன்றங்களை நாடினர். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அவற்றை விசாரிக்கலாம் என்றன. ஆனால் 1976 ஏப்ரல் 28இல், ஜபல்பூர் வழக்கு என்று வழங்கும் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயத்தில் நால்வர், நெருக்கடி நிலையின்போது அந்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தனர். விசாரணையில், காவல் அதிகாரி ஒருவர் தனிப் பகையால் ஒருவரைக் கொன்றால் அதற்கும் வழியில்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை உள்ளவரை இல்லை என்பதே அரசுத் தலைமை வழக்குரைஞரின் விடையாக இருந்தது. கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு இளையவருக்குச் சென்றது. அவர் பதவி விலகினார்.

விசுவாமித்திரர் கதையில் முனிவர் தாமே ஆபத்தை அறிவிக்கிறார். தாமே அளவை முடிவு செய்கிறார். தாமே நீதிபதியும் ஆகிறார். கதை நம்மைத் திகைக்க வைக்காமல் காப்பது ஒன்றுதான்: அந்தக் குடிசைக்காரன் விழித்திருந்தான், கேட்டான், முனிவரும் அவனுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவராக நின்றார். அவனை அடித்து வீழ்த்திவிட்டு இறைச்சியை எடுத்திருந்தால் அது ஆபத்தருமம் அல்ல, வெறும் கொள்ளை. 1975-77இல் கேட்கக்கூடியவர்கள் சிறையிலும், தணிக்கையிலும், சிறுபான்மைத் தீர்ப்பிலும் இருந்தார்கள். ஆகவே நான்கு உரைகற்களில் நான்காவதே தலையாயது என்பது என் துணிபு. கேட்பவர் இருந்தால் மற்ற மூன்றும் தாமே வரும்.

பாடம் கற்ற அரசியலமைப்பு

1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. அதை எழுதியவர்கள் சாந்தி பருவத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நான்கு உரைகற்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற நெகிழ்வான சொல் நீங்கி, "ஆயுதக் கிளர்ச்சி" என்ற திட்டமான சொல் வந்தது. இது ஆபத்தின் உண்மைக்கு. உயிருக்கும் தன்னுரிமைக்கும் காப்பளிக்கும் 21ஆம் உறுப்பையும், 20ஆம் உறுப்பையும் எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க இயலாது என்றாயிற்று; இது அளவுக்கு. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் தனிப் பெரும்பான்மையோடு ஒப்புதல் தர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றாயிற்று, இது மீட்சிக்கு. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும், மக்களவை உறுப்பினருள் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் நெருக்கடி நிலையை மறுக்கத் தனிக் கூட்டம் கூட்ட வேண்டும் என்றாயிற்று, இது கேட்பவருக்கு. 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் ஜபல்பூர்த் தீர்ப்பு தவறு என்று கூறி அதனை நீக்கியது. ஒற்றையாய் நின்ற கன்னாவின் குரல் 41 ஆண்டுகளுக்குப்பின் நாட்டின் சட்டமாயிற்று.

ஒரு தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழும். அதை வேறு யாரும் எழுப்புமுன் நானே எழுப்பிக்கொள்கிறேன். பழைய தரும நூல்கள் எல்லாரையும் ஒன்றாகப் பார்த்தனவா? இல்லை. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் ஆபத்துக் காலத்தில் மேல் வருணத்தார் கீழ் வருணத்தாரின் தொழிலைச் செய்து பிழைக்க இடந்தருகிறது. ஆனால் கீழ்ப்பிறந்தவன் ஆசையால் மேலோர் தொழிலைக் கைக்கொண்டால் அரசன் அவன் பொருளைப் பறித்து நாடு கடத்த வேண்டும் என்கிறது. ஆபத்தின் படிக்கட்டில் இறங்க வழியுண்டு, ஏற வழியில்லை. அந்த ஏற்பாடு நிலைத்திருந்தால், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான் இந்தக் கட்டுரையை எழுதவே முடியாது. விசுவாமித்திரர் கதையைப் படிக்கும்போதும் என் கண் முனிவரிடம் நிற்கவில்லை. அந்தக் குடிசைக்காரனிடமே போகிறது. பஞ்சம் அவனுக்கும் வந்ததுதானே! அவனது பன்னிரண்டு ஆண்டுப் பசிக்கு எந்த நூல் விலக்கு எழுதியது?

அப்படியாயின் இந்த நூல்களை ஏன் எடுக்க வேண்டும்? என் விடை இது. ஏணி கோணலாக இருக்கிறது என்பதற்காக அதில் கட்டியிருக்கும் நல்ல கயிற்றையும் எறிய வேண்டியதில்லை. பிறப்பால் தருமத்தை வேறுபடுத்தும் பகுதியை நம் அரசியலமைப்பின் 14, 15, 17ஆம் உறுப்புகள் நீக்கிவிட்டன. அது நீங்க வேண்டியதே. ஆனால் அதிகாரம் உடையவன் விலக்குக் கேட்கும்போது அவனை நிறுத்தி வைத்துக் கணக்குக் கேட்கும் முறை நமக்கு இன்றும் பயன்படும். அதுவும், தருமத்தால் மிகக் குறைந்த நன்மை பெற்றவனே தருமத்தை எடுத்துக்காட்டிக் கேட்கிறான் என்பதே அந்தக் கதையின் பெரிய செய்தி என்று நான் கொள்கிறேன். டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, அரசியலமைப்பு ஒழுக்கம் இயல்பாக வருவது அன்று, பழகி வளர்க்க வேண்டியது என்ற கருத்தை வலியுறுத்தினார். பழைய விதிகளால் விலக்கி வைக்கப்பட்டவரே புதிய விதிகளை எழுதி, அவற்றைக் காக்கும் பழக்கத்தையும் நமக்குச் சொன்னார்.

முடிவுரை

அரசியலைப் படிப்பதற்குக் கட்சி வேண்டியதில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த நாட்டில் நடந்தாலும், "இது அசாதாரணமான காலம்" என்ற சொல் அதிகாரத்தின் வாயிலிருந்து வரும்போது நாம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். ஆபத்து யாருக்கு? அளவு எவ்வளவு? திரும்புவது எப்போது? கேட்க யார் இருக்கிறார்கள்? மாணவர் மன்றத்துக்கும் ஊராட்சிக்கும்கூட இக்கேள்விகள் பொருந்தும். நமக்குப் பிடித்தவர் ஆளும்போது இவற்றைக் கேட்பதுதான் கடினம். அப்போது கேட்காதவருக்குப் பிடிக்காதவர் ஆளும்போது கேட்கத் தகுதி குறைந்துவிடுகிறது.

என் தாயார் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். சாந்தி பருவத்தையும் அறியார். 352ஆம் உறுப்பையும் அறியார். ஆனால் வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகே முடிச்சை அவிழ்த்தார், தேவையான தொகையை மட்டும் எடுத்தார், வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னார், திருப்பி வைத்தார், எடுத்ததற்கு ஒரு ரூபாய் கூடுதலாகவும் வைத்தார். பழமொழியைச் சொல்லிக்கொண்டே அதைவிட உயர்ந்த ஒன்றைச் செய்து காட்டினார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று நாடாள்வோர் சொல்லும்போதெல்லாம் அந்த ஒரு ரூபாய் எங்கே என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.